செருப்புப் பெட்டிக்கு ஒரு கையெழுத்து

"எல்லாம் சூப்பர், கொஞ்சமே கொஞ்சம் மாத்தினா போதும்" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் எழுந்து ஓடிவிடத் தோன்றும். அந்தக் கொஞ்சத்துக்கு எல்லையே கிடையாது. வேலூர் பாகாயத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே அறை எடுத்து, ஒரு கம்ப்யூட்டரையும் ஒரு பிரிண்டரையும் வைத்துக்கொண்டு, டிசைன் செய்து தரப்படும் என்று போர்டு மாட்டிய நாளிலிருந்து நான் அதிகம் கேட்ட வாக்கியம் அதுதான். பிரியாணிக் கடை மெனு, பல் டாக்டர் போர்டு, கம்பெனி காலண்டர் என்று எதைச் செய்தாலும் கடைசியில் எல்லாரும் அந்த இடத்துக்குத்தான் வந்து நிற்பார்கள். நானும் மனசுக்குள் திட்டிக்கொண்டே மாற்றிக் கொடுத்துவிடுவேன். ஒரே ஒரு செருப்புப் பெட்டி விஷயத்தில்தான் இனி முடியாது என்று நின்றேன்.

அந்த வேலையோடு வந்தவர் ஆம்பூர் அக்கா ஒருவர். சொந்த ஊர் ஒடுகத்தூர் பக்கம். பள்ளிக்கூடம் முடித்த கையோடு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சேர்ந்து, ஃபினிஷிங் வரிசையில் நின்று, லைன் சூப்பர்வைசர் வரைக்கும் வந்தவர். அத்தனை வருடமும் அவர் கைப்பட்டுப் போன ஷூவெல்லாம் எவனெவனோ பெயர் போட்ட பெட்டியில் ஏறிக் கப்பலுக்குப் போயின. பிறகு வேலையை விட்டுவிட்டு, கணவரையும் தம்பியையும் சேர்த்துக்கொண்டு, ஊருக்கு வெளியே ஒரு தகர ஷெட்டில் சின்ன யூனிட் போட்டார். பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குச் செய்து தருகிற ஜாப் ஒர்க்தான் சோறு போட்டது. அதோடு கூட, முதல் தடவையாக, சொந்தமாக ஒரு செருப்பு செய்திருந்தார்.

நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிற பெண்களுக்கான செருப்பு அது. கம்பெனியில் நிற்கிறவர்கள், ஜவுளிக்கடையில் நிற்கிறவர்கள், ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்துகொண்டே இருக்கிறவர்கள். "போட்டுப் பாரும்மா" என்று என் மேஜைக்கு அடியில் தள்ளினார். போட்டு அறைக்குள் இரண்டு நடை நடந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், கழற்ற மனசு வரவில்லை.

"வேலூர்ல கடைக்காரங்க தீபாவளிக்கு எடம் தர்றேன்னு சொல்லிட்டாங்க. ஆனா பொட்டி ரெடியா இருந்தாத்தான். இல்லன்னா எங்க பொட்டியிலயே போட்டு எங்க பேர்லயே வித்துக்கறோம்னு சொல்றாங்க" என்றார் அக்கா. "அப்புறம் நான் கம்பெனிய வுட்டு வந்ததுக்கு இன்னாம்மா அர்த்தம்? திரும்பியும் எவன் பேர்லயோதானே போவும்? இது நான் நெனச்சி செஞ்சது. பொட்டிய பாத்தாலே அது தெரியணும்."

அவ்வளவு தெளிவாக ஒரு வாடிக்கையாளர் எனக்கு வேலை சொன்னதே இல்லை. அன்றைக்கே வரைய உட்கார்ந்துவிட்டேன். செங்காவி நிறத்தில் பெட்டி. அதில் ஒரு பெண் நிமிர்ந்து நிற்கிறாள். தோளில் சாப்பாட்டுப் பை, தூக்கிச் சொருகிய புடவை, தரையில் அழுத்தமாகப் பதிந்த இரண்டு பாதம், பாதத்தில் அக்காவின் செருப்பு. முகம்கூட வரையவில்லை, நிற்கிற தோரணையே போதும் என்று விட்டுவிட்டேன். வரைந்து முடித்ததும் எனக்கே என்மேல் கர்வம் வந்தது. இதை யாராவது வேண்டாம் என்று சொல்லட்டும் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

வாட்ஸ்அப்பில் குரூப் ஒன்று ஆரம்பித்தார்கள். அக்கா, அவர் கணவர், தம்பி, நான். கணவர் முன்பு பெரிய கம்பெனியில் தோல் வெட்டுகிற பிரிவில் இருந்தவர். யூனிட்டிலும் வெட்டுமேஜை அவருடையதுதான். தம்பி கடை கடையாகப் போய் ஆர்டர் பிடிப்பவர், மாதத்துக்கு ஒருதரம் சென்னைக்குப் போய்வருபவர். இரண்டு பேருமே நல்லவர்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் படத்தை அனுப்பிய நிமிஷத்திலிருந்து அந்த குரூப் எனக்குப் பேஜாராகப் போய்விட்டது.

முதலில் தம்பி குரல் பதிவு அனுப்பினார். "சூப்பர் மேடம். கொஞ்சம் ஃபாரின் லுக் வந்தா தேவலாம். பொடவைய எடுத்துட்டு பேன்ட் போட்டுப் பாருங்க." பேன்ட் போட்டேன். பிறகு கணவர். "பேரு பெருசா இருக்கட்டும், அந்தப் பொம்பள சின்னதா ஆவட்டும்." சின்னதாக்கினேன். மறுநாள் தம்பி, கடைக்காரர் ஒருவர் தங்கக் கலர் கேட்டார் என்றார். தங்கம் போட்டேன். கணவர், பளபளப்பு ஜாஸ்தி என்றார், கம்மி பண்ணினேன். கம்மி பண்ணினது யாரு என்று தம்பி கேட்டார்.

நிறத்துக்காக ஒரு வாரத்துக்கு மேல் சண்டை நடந்தது. பெட்டியின் செங்காவி தம்பி கண்ணுக்குப் பழுப்பு. கணவருக்கு அது மஞ்சள், காமாலை வந்த மாதிரி இருக்கிறது என்றே சொல்லிவிட்டார். நான் மாற்றி மாற்றி அனுப்ப, அவர் மஞ்சள் மஞ்சள் என்றே நின்றார். கடைசியில் ஆம்பூருக்குப் போனபோதுதான் பார்த்தேன், அவருடைய போனில் கண்ணுக்கு இதமாக என்று சொல்லி யாரோ திரையை மஞ்சளாக்கி வைத்திருந்தார்கள். அதை அணைத்துக் காட்டினேன். "அட, நல்லாத்தான் இருக்குது" என்றார். எனக்கு அங்கேயே தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அன்றைக்குக் காகிதத்தில் அச்சடித்த மாதிரி ஒன்றையும் கையோடு கொண்டுபோயிருந்தேன். கணவர் அதை வாங்கினார். தோலை எப்படிப் பார்ப்பாரோ அப்படியே பார்த்தார். வாசலுக்கு எடுத்துப் போய் வெளிச்சத்தில் சாய்த்தார், இரண்டாக மடித்துப் பிரித்தார், கட்டைவிரல் நகத்தால் அந்தப் பெண்ணின் முழங்காலில் ஒரு கோடு கீறினார். மூக்குக்கிட்டே கொண்டுபோய் மோந்தும் பார்த்தார். "கலரு பேந்து வருது" என்றார். வீட்டுப் பிரிண்டரில் அடித்த காகிதம் பெயராமல் என்ன செய்யும்? அது சாம்பிள்தான், அச்சகத்தில் அடித்தால் நிற்கும் என்று சொன்னேன். அவர் தலையாட்டினார், ஆனால் நம்பிக்கை வரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

நாள் ஓடிக்கொண்டிருந்தது. பொறுமை போய், ஒரு கட்டத்தில் எல்லாருக்கும் பிடித்த எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டுவிட்டேன். தங்கம், பழுப்பு, பேன்ட் போட்ட வெள்ளைக்காரி, பெரிய எழுத்து, மூலையில் ஒரு பூ. பூ யார் கேட்டது என்று இப்போதும் எனக்கு ஞாபகம் வரவில்லை. பார்க்கக் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. அனுப்பினேன். தம்பி கைத்தட்டல் படங்களாக அனுப்பினார். கணவர் "ஓகே" என்றார். அக்காவிடமிருந்து வழக்கம்போல ஒரு கும்பிடு படம்.

அந்தக் கும்பிடு என்னை என்னவோ செய்தது. ஆரம்பத்திலிருந்து அந்த குரூப்பில் அக்கா ஒரு வார்த்தை எழுதியதில்லை, கும்பிடு மட்டும்தான். போன் போட்டேன்.

"எல்லாருக்கும் புடிச்சிருக்குதும்மா. முடிச்சிடு" என்றார். பின்னால் மிஷின் ஓடுகிற சத்தம்.

"உங்களுக்குக்கா?"

யாரிடமோ பசை டப்பாவை மூடச் சொல்லிவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"எல்லாருக்கும்னா அதுல நானும்தானேம்மா."

"அதுல நீங்க இல்லக்கா. இன்னாத்துக்கு எங்கிட்ட வந்தீங்க? பாத்தாலே தெரியணும்னு சொன்னீங்களே, இந்தப் பொட்டிய பாத்தா இன்னா தெரியுது?"

"கத்தாதம்மா" என்றார். "நான் ஒண்ணு சொல்லுவேன். அவரு ஒண்ணு சொல்லுவாரு. தம்பி மூஞ்சிய தூக்குவான். தீபாவளிக்குள்ள ஆவணும் இல்ல? போவட்டும் வுடு."

போவட்டும் விடு என்பது எனக்குச் சுருக்கென்று பட்டது. அந்தச் செருப்பை மேஜைக்கு அடியில் தள்ளியபோது இருந்த ஆள் இதுவா? எனக்குக் கோபம் தம்பிமேலா, கணவர்மேலா, அக்காமேலா, வாயை மூடிக்கொண்டு தங்கம் தடவிய என்மேலேயேவா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் ஒன்று முடிவு செய்தேன். இந்தக் கல்யாணப் பத்திரிகையை அச்சுக்கு அனுப்பப் போவதில்லை.

சொந்தமாக அறை எடுப்பதற்கு முன்பு நானும் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் அறையில் வேலை பார்த்தவள்தான். அங்கே ஒரு வழக்கம் உண்டு, இந்தப் பக்கத்துக் கம்பெனி ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். புது ஷூ ஒன்றை மொத்தமாகச் செய்ய ஆரம்பிப்பதற்கு முன்னால், வாங்குகிறவன் ஒரு ஜோடியைப் பார்த்து, இதுதான், இப்படித்தான் என்று அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கட்டுவான். அந்த ஜோடியைப் பிரித்துவிடுவார்கள். ஒரு கால் அவனோடு போகும், ஒரு கால் கம்பெனியில் ஆணியில் தொங்கும். பிறகு நிறம் சரியில்லை, தையல் சரியில்லை என்று எவன் வந்து குதித்தாலும், வாயைத் திறக்க வேண்டாம், தொங்குகிற காலை எடுத்துக் காட்டினால் போதும். கையெழுத்து இல்லாமல் ஒருத்தரும் தோலில் கத்தி வைக்க மாட்டார்கள்.

மறுநாள் காலையிலேயே பஸ் ஏறினேன். என் முதல் படத்தில் இரண்டு பெட்டி, கல்யாணப் பத்திரிகையில் இரண்டு பெட்டி, கனமான அட்டையில் அடித்து, வெட்டி ஒட்டி, நூல் கோத்த அட்டைகளும் கையில் வைத்திருந்தேன். ஷெட்டில் பெண்கள் மேஜைகளைச் சுற்றி நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணவரையும் தம்பியையும் வெட்டுமேஜைக்குக் கூப்பிட்டேன். அக்கா டீ சொல்ல வாசலுக்குக் கிளம்பினார். டீ அப்புறம் குடிக்கலாம், நீங்க இருங்க என்று நிறுத்தினேன்.

"இனிமே குரூப்புல ஒரு வார்த்தையும் வேணாம்" என்றேன். "பொட்டி இதோ இருக்கு. எது வேணுமோ அதுல அட்டை கட்டி ஒரு கையெழுத்து. ஒண்ணு உங்ககிட்ட, ஒண்ணு என்கிட்ட. அப்புறம் யார் சொன்னாலும் மாத்த மாட்டேன்."

"நான் போடறேன்" என்று கணவர் கையை நீட்டினார்.

"மாமா, கடைக்காரங்களோட பேசறது நான். அவங்களுக்கு இன்னா புடிக்கும்னு எனக்குத்தான் தெரியும்" என்றார் தம்பி. "வேணும்னா ரெண்டு பேரும் போடலாம்."

நான் கணவரைப் பார்த்தேன். "அண்ணா, சாம்பிள் அட்டையில ரெண்டு பேர் கையெழுத்து இருந்தா நீங்க தோல வெட்டுவீங்களா?"

"எப்புடி வெட்டறது?" என்று சட்டென்று சொல்லிவிட்டார். "நாளைக்கு ஆளுக்கு ஒண்ணு பேசுவானுங்க. என் தலைதானே உருளும்?" சொல்லி முடித்த பிறகுதான், தான் எங்கே வந்து நிற்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்தது. தாடையைத் தடவினார். மேஜைமேல் கிடந்த செருப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது அவ யோசிச்சது" என்றார் தம்பியிடம். "கம்பெனியில இருந்தப்போலேந்து சொல்லினு இருந்தா. அவளே போடட்டும்." தம்பிக்கு மூஞ்சி சுருங்கிப்போனது. ஆனால் மறுக்கவில்லை.

எனக்கு உள்ளுக்குள் குதூகலம். வேலை முடிந்தது என்று நினைத்தேன். அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பேனாவை வாங்கினார். கல்யாணப் பத்திரிகையை ஒரு தடவை பார்த்தார், ஓரமாகத் தள்ளினார். அப்படிப் போடு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். என் செங்காவிப் பெட்டியை எடுத்தார். மூடியைத் திறந்தார், மூடினார். கையை நீட்டித் தள்ளிவைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பேனாவை மூடி மேஜைமேல் வைத்துவிட்டார்.

"இதுவும் வேணாம்மா."

இவருக்காகத்தானே நான் இத்தனை கூத்தும் கட்டினேன்? "ஏன்க்கா? கலரா? எழுத்தா?" என்றேன். குரல் எனக்கே கரகரவென்று கேட்டது.

"எல்லாம் நல்லா இருக்குது. இவ நின்னுனு இருக்கறா."

"நிக்கறவங்களுக்குத்தானேக்கா இந்த செருப்பே?"

"காலையிலேந்து நின்னாச்சு. பஸ்ல நின்னாச்சு. வூட்டுக்குப் போனா அடுப்புகிட்ட நிக்கணும்" என்றார் அக்கா. அவர் குரலை உயர்த்தவே இல்லை. "பொட்டியிலயும் வந்து நிக்கணுமா அவ? பாக்கவே கால் வலிக்குதும்மா. இவ உக்காரணும். செருப்ப கழட்டி ஓரமா வுட்டுட்டு, கால நீட்டி, நல்லா சாஞ்சி உக்காரணும்."

தம்பி சிரித்தேவிட்டார். "க்கா, செருப்பு விக்கிற பொட்டியில செருப்ப கழட்டி வெச்ச படமா? கடையில கேலி பண்ணுவாங்க."

"வெறுங்காலா?" என்றார் கணவர்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் அவர்களோடுதான் சேர்ந்துகொண்டேன். சரக்கு காலில் இருக்க வேண்டும், அப்போதுதான் கண்ணில் படும், தொழில் அப்படித்தான் சொல்கிறது என்று ஆரம்பித்தேன். எனக்குத் தெரிந்ததையெல்லாம் எடுத்து விட்டேன். கொஞ்சமே கொஞ்சம் மாற்றி, நிற்கிறவளையே லேசாகச் சாய்த்துவிடலாமா என்றுகூடக் கேட்டேன். அந்த வாக்கியம் என் வாயிலிருந்து வந்ததை நானே கேட்டேன்.

அக்கா கடைசிவரை கேட்டுக்கொண்டார். "கையெழுத்து ஒருத்தர்துதான்னு நீதானேம்மா சொன்ன?" என்றார்.

எனக்கு எரிச்சல் அடங்கவில்லை, ஆனால் அதைவிடப் பெரிய பிடிவாதம் ஒன்று வந்து உட்கார்ந்தது. சரி, உட்கார்ந்தவளைத்தான் வரையப் போகிறேன் என்றால் இங்கேயே, இப்போதே, இந்த அக்கா கண்முன்னாலேயே வரைந்து முடிப்பேன். பையிலிருந்து நோட்டையும் பென்சிலையும் எடுத்தேன். "நீங்களே உக்காருங்கக்கா. பாத்து வரையறேன்" என்றேன்.

"நானா?" என்று பதறினார். மேஜைகளில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். "உக்காருக்கா, நாங்களும் பாக்கறோம்" என்று ஒருத்தி குரல் கொடுத்தாள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோரமாக இழுத்துப் போட்டேன்.

அக்காவுக்கு உட்காரத் தெரியவில்லை. நாற்காலியின் நுனியில், பஸ் வந்ததும் எழுந்து ஓடப் போகிறவர் போல உட்கார்ந்தார். முதுகு சாயவே இல்லை. கண் மேஜை மேஜையாக ஓடியது. எவளோ பசை அதிகம் தடவுகிறாள் என்று எழுந்து போனார். கூட்டிவந்து உட்காரவைத்தேன். மடியில் கிடந்த நூல் பிசிறைப் பொறுக்க ஆரம்பித்தார். பிறகு தண்ணீர் பாட்டில் காலியாக இருக்கிறது என்று எழுந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இப்படி இருந்தா நான் இன்னாத்த வரையறது? கால நீட்டுங்கக்கா! கேட்டது நீங்கதானே?" என்று கத்தினேன்.

"ஆளுங்க முன்னாடி கால நீட்டறதா, கூச்சமா இருக்குதும்மா."

"அப்போ பொட்டியில மட்டும் அவ எப்புடி நீட்டுவா?"

அதைக் கேட்டுக் கொஞ்சம் யோசித்தார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். ஒரு காலி அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டேன், அதன்மேல் இரண்டு காலையும் தூக்கி வைத்தார். பின்னால் சாய்ந்தார். மெதுவாகத் தோள் இறங்கியது. ஒரு பெருமூச்சு விட்டார், அது எனக்கே கேட்டது. இந்த மனுஷி இத்தனை வருடத்தில் இப்படி ஒரு தடவை உட்கார்ந்திருப்பாரா என்று நினைத்துக்கொண்டே வரைந்தேன். கை தன்னால் ஓடியது. வெடித்த குதிகால், நீட்டிய விரல்கள், பக்கத்தில் சாய்ந்து கிடக்கிற செருப்பு ஜோடி.

அந்தத் தீபாவளிக்கு வேலூர்க் கடைகளில் அடுக்கியிருந்த பெட்டியில் இருந்தது அந்தப் பென்சில் படம்தான். வீட்டுக்கு வந்து நான் ஒரு கோடும் திருத்தவில்லை, நிறம் மட்டும்தான் கொடுத்தேன். ஒரு கடையில் அதைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று தம்பி வந்து சொன்னார். சிரித்தவர்களே பெட்டியைக் கையில் எடுத்தும் பார்த்தார்கள் என்பதையும் அவரேதான் சொன்னார்.

அன்றைக்கு ஷெட்டில், வரைந்து முடித்த தாளைக் கிழித்து அக்காவின் மடியில் வைத்தேன். அட்டையையும் பேனாவையும் கொடுத்தேன். காலைக் கீழே இறக்காமலே அதைப் பார்த்தார். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை, யாரிடமும் கேட்கவில்லை. தமிழில், முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த நேரம் பார்த்துக் கணவர் வெட்டுமேஜையிலிருந்து குரல் கொடுத்தார். "ஏய் இந்தா, அந்தக் கொக்கி டப்பாவ எங்க வெச்ச? வந்து எடுத்துக் குடு."

அக்காவின் கால் அட்டைப்பெட்டியிலிருந்து தன்னால் இறங்கியது. ஒரு கை நாற்காலிப் பிடியை ஊன்றியது. எழப் போனவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். பிறகு காலைத் திரும்பவும் மேலே தூக்கி வைத்து, நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"நீங்களே தேடிக்கோங்க" என்றார். "நான் உக்காந்துனு இருக்கேன்."